மண்ணெண்ணெய்க்கு மணமில்லாத நாள்

1

ஊரிலிருந்து இதை வாசிக்கப்போகிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன். இது சுவிஸ் மலை, பனி, சொக்கலேட் பற்றிய கட்டுரை அல்ல. அதை எழுத ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள், படமும் போடுகிறார்கள். இது என் வீட்டு பல்கனியில் கிடக்கும் ஒரு பழைய பால்மாத் தகர ரின்னைப் பற்றியது.

ரின்னுக்குள் கருவாடு. மூடியைச் சுற்றி பிளாஸ்டர், அதற்கு மேல் கறுப்புப் பொலித்தீன், அதற்கு மேலும் ஒரு பொலித்தீன். மன்னாரில் எங்கள் ஊரான ஓலைத்தொடுவாயிலிருந்து விடுமுறை முடிந்து வந்த ஒருத்தர் கொண்டுவந்து தந்துவிட்டு, "சூட்கேஸ் இப்பவும் நாறுது தங்கச்சி" என்று ஒரு குறையும் வைத்துவிட்டுப் போனார்.

அனுப்பியது ஜெனிற்றா. என் மாமாவின் மகள், எனக்கு மச்சாள். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்து ஒருத்தியை ஒருத்தி உதைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் என்னோடு பேசி நாலு வருடமாகிறது. ஒரு சொல்கூட இல்லை. அவளுடைய மகன் டியோனின் பிறந்தநாளை ஒவ்வொரு வருடமும் அம்மாவின் போனுக்குள்ளால்தான் பார்க்கிறேன். கேக் வெட்டும்போது ஜெனிற்றாவின் கை மட்டும் திரையில் தெரியும். நான் அழைப்பில் இருக்கிறேன் என்று தெரிந்தால் அந்தக் கையும் போய்விடும்.

இன்று மறுபடி அவனுக்குப் பிறந்தநாள். காலையில் போனைப் பார்த்தால் அவளிடமிருந்து ஒரு வொயிஸ் மெசேஜ். முதலில் அம்மாதான் தவறுதலாக அவளுடைய போனில் அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, அவள்தான்.

"ரின் கிடைச்சதோ? திறந்து மணந்து பாத்திட்டுச் சொல்லு."

அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் இல்லை, பிள்ளை எப்படி இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கோபக் குரலா, சமாதானக் குரலா என்று பிடிபடவில்லை. மச்சாள் மறுபடி என்னோடு பேசப்போகிறாளா, இல்லை இந்த ரின்னோடு கணக்கு முடிந்ததா என்பது நான் என்ன பதில் சொல்கிறேன் என்பதில் இருக்கிறது. இந்த ஒரு வசனத்துக்கு நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்பதை விளங்கப்படுத்த, கொரோனாக் காலத்துக்குப் போகவேண்டும்.

2

நாங்கள் இரண்டு பேரும் அப்போது வயிற்றோடு இருந்தோம். அவள் என்னைவிடக் கொஞ்சம் முந்தி.

நான் யாழ்ப்பாணக் கம்பஸில் பட்டம் முடித்த கையோடு கல்யாணம் கட்டி சுவிஸுக்கு வந்தவள். பட்டத்தை இங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. என் கணவர் ரெஜி ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலை, லொக்டவுனில் அதுவும் பூட்டு. இரண்டு அறை வீடு. சன்னலுக்கு வெளியே யாரோ துடைத்து வைத்ததுபோல் ஒரு வீதி. அதில் ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு மனிதர் போவார், வருவார். அந்த நாய்க்கு எங்களைவிடச் சுதந்திரம் கூட.

பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வருவதாக இருந்தது. விசாக் கந்தோர் பூட்டு, பிளேன் இல்லை. பிள்ளை பெற்றதும் எனக்குப் பத்தியச் சரக்குக் கறி வைக்க வரவேண்டிய அம்மா, ஜெனிற்றாவுக்கு வைக்கப் போனார். அவளுக்குத் தாய் இல்லை, ஆகவே நியாயம்தான். ஆனாலும் எனக்குப் பொறாமை எரிந்தது.

ஜெனிற்றாவின் பிரச்சினை வேறு. அவள் புருஷன் அன்ரன் கடல் தொழில். வீட்டு வாசலில் படங்கு விரித்துக் கருவாடு காயும், பக்கத்து வீட்டிலும் காயும், அதற்கு அடுத்த வீட்டிலும் காயும். அந்த ஊரில் பிறந்தவளுக்குப் பிள்ளை வயிற்றில் வந்த நாளிலிருந்து மீன் மணம் ஆகவில்லை. அன்ரன் படலையைத் திறந்தாலே ஓடிப்போய் வயிற்றைப் புரட்டிச் சத்தி எடுப்பாள். அவர் கிணற்றடியில் சவர்க்காரம் கரையக் கரையக் குளித்தாலும் விறாந்தையோடு நிற்கவேண்டியதுதான்.

"என்னைக் கட்டேக்குள்ள மணக்கேல்லையோ உனக்கு?" என்று அவர் வெளியே நின்று கத்துவார்.

"கட்டேக்குள்ள சென்ற் அடிச்சு ஏமாத்தினனீங்கள்" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அவள் தேசிக்காய் ஒன்றை வெட்டி மூக்கடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். எனக்கு இங்கே சீஸ் ஆகவில்லை. சுவிஸில் சீஸ் ஆகாமல் இருப்பது ஓலைத்தொடுவாயில் மீன் ஆகாமல் இருப்பதற்குச் சமம். ஒவ்வொரு நாளும் வட்ஸப்பில் போட்டி வைத்தோம், யார் கூடச் சத்தி எடுத்தது என்று. பெரும்பாலும் அவள்தான் வென்றாள்.

கிளினிக்குக்கு நான் தனியாகப் போகவேண்டும். ரெஜி கார் தரிப்பிடத்தில் இருப்பார். ஸ்கேனில் பிள்ளையின் முகத்தை ஒரு மாஸ்க்காரி காட்டுவாள், மாஸ்க்கோடு நான் பார்ப்பேன், அழுதால் மாஸ்க் நனையும். ஒருநாள் தாதி என்னவோ கேட்டாள். முறைப்பாடு ஏதும் உண்டா என்று கேட்கிறாள் என விளங்கி, "இல்லை, நீங்கள் எல்லாரும் நல்ல ஆட்கள்" என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்டது உடம்பில் ஏதும் வருத்தம் உண்டா என்று; ஜேர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல். வீட்டுக்கு வந்து ஜெனிற்றாவுக்குச் சொன்னபோது, சிரித்துச் சிரித்து அவளுக்கு அன்றைக்கு மேலதிகமாக ஒரு சத்தி.

3

கொரோனாவை அவள் ஒரு வருத்தமாக மதிக்கவேயில்லை. "ஒரு தும்மல் தடிமன்தானே" என்பாள். அவள் பயந்தது பஸ்ஸுக்கு.

அவர்களுடைய வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஒரு பிள்ளைத்தாச்சிக்குக் காய்ச்சல் என்று தெரிந்து பி.எச்.ஐ, அதாவது சுகாதாரப் பரிசோதகர், வந்தார். வாசலில் நோட்டீஸ் ஒட்டினார். பின்னேரம் ஆமிக்காரர் பஸ் கொண்டுவந்து முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் பிள்ளை பெற்றது வேறு மாவட்டத்தில், பாஷை தெரியாத வார்ட்டில், பக்கத்தில் ஒரு சொந்தமும் இல்லாமல். போன இடத்துக்குப் பெயர் தனிமைப்படுத்தல் முகாம். முகாம் என்ற சொல்லை எங்கள் பக்கத்துச் சனத்துக்குச் சொல்லுமுன் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஜெனிற்றாவுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. அவளுடைய அப்பா, என் மாமா, சண்டைக் காலத்தில் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டவர். ஊர் ஆம்பிளைகள் எல்லாரையும் மாதா கோயில் முற்றத்தில் இருத்தி, முகத்தைச் சாக்கால் மூடிய ஒருத்தன் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டார்கள். அவன் தலையை ஆட்டினால் பஸ்ஸில் ஏற்றுவார்கள். மாமாவுக்கு அவன் ஆட்டினான். மாமா திரும்பி வந்தார், ஆனால் சாகும்வரை பஸ் ஏறவில்லை. மன்னார் டவுனுக்கும் சைக்கிள், வெயிலுக்கும் சைக்கிள், மழைக்கும் சைக்கிள். அந்தத் தலையாட்டி யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஊரைத் தெரிந்த ஒருத்தன் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

எனக்குப் பஸ் பயம் இல்லை. எனக்கு இணையம் பயம். இந்த வருத்தம் வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று தெரிந்த பாஷையிலெல்லாம் தேடினேன். ஒவ்வொரு பாஷையிலும் வேறு வேறு விதமாகப் பயப்பட்டேன். என் டொக்டர் முதலில், தடுப்பூசிக்கு அவசரப்படவேண்டாம், பொறுங்கள் என்றார். உடனே அதை வொயிஸில் ஜெனிற்றாவுக்கு அனுப்பினேன், பட்டதாரி அல்லவா. பிறகு புதுத் தகவல் வந்துவிட்டது, போடுவதுதான் நல்லது என்றார். அதையும் அனுப்பினேன்.

"போன மாசம் போடாதை எண்டாய், இந்த மாசம் போடு எண்டிறாய். உன்ர டொக்டருக்கும் வயித்துப்பிரட்டலோ?" என்று கேட்டாள்.

அங்கேயும் ஊசி வந்திருந்தது. மிட்வைஃப் மிஸ் ஸ்கூட்டியில் வந்து படலையடியில் நின்று கூப்பிடுவாராம். "ஜெனிற்றா, இண்டைக்கு வாறியா இல்லையா? எல்லாரும் வந்து போட்டிட்டுப் போகினம்."

"பிள்ளை பிறக்கட்டும் மிஸ். ரெண்டுபேருமாச் சேந்து வந்து போடுறம்."

"வாய் மட்டும் குறைவில்லை உனக்கு" என்று மிஸ் ஸ்கூட்டியைத் திருப்புவார். இதை நடித்துக் காட்டும்போது ஜெனிற்றா மிஸ்ஸின் ஹெல்மெற்றையும் சேர்த்து நடிப்பாள்.

4

ஒரு ஞாயிறு. இங்கே காலை, அங்கே மத்தியானம் திரும்பிவிட்டது. அம்மா வீடியோவில் கூப்பிட்டார்.

"ஓடியா, ஓடியா! இவளை வந்து பார்!"

திரையில் ஜெனிற்றா சம்மணம் கட்டி இருக்கிறாள். வயிறு மடிக்கு மேல் ஏறிக்கிடக்கிறது. முன்னால் தட்டு. தட்டில் சோறும் பொரித்த கட்டாக் கருவாடும்.

"சத்தி நிண்டிட்டுதடி!" அம்மாவின் சத்தத்தில் போன் அதிர்ந்தது. "காலமை எழும்பி, மாமி கருவாடு பொரியுங்கோ எண்டு தானாக் கேக்கிறாள். மாதாவுக்கு ஒரு கட்டு மெழுகுதிரி நேந்தனான். பாத்தியா, பாத்தியா!"

பின்னால் அன்ரன் தலையை நீட்டினார். "தங்கச்சி, பிள்ளை தங்கின நாளிலயிருந்து விறாந்தைச் சீவியம். இண்டைக்குத்தான் வீட்டுக்குள்ள விட்டிருக்கிறா. கையும் கழுவேல்லை, அதுக்கும் ஒண்டும் சொல்லேல்லை, பாரும்!" மீன் வாளியைத் தூக்கி அவளுடைய மூக்குக்கு நேரே ஆட்டினார். அவள் அசையவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தியமாக எனக்கு வாயூறியது.

"எப்பிடியடி ருசி?" என்று கேட்டேன்.

"உப்புத் தெரியுது. கடிக்க நல்லாயிருக்குது" என்றாள்.

அதில் ஏதோ குறைகிறது என்று எனக்குத் தட்டியிருக்கவேண்டும். தட்டவில்லை. அம்மா போனை ஜன்னல் கட்டில் சாத்தி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரிக்குச் செய்தி சொல்ல ஓடினார். அன்ரன் வாளியோடு வெளியே போனார். அவள் சாப்பிட்டாள், நான் பார்த்தேன்.

அவளுக்குப் பின்னால் அடுப்பில் பால். நான் இங்கேயிருந்து கண்டேன், அது பொங்கி வழிந்தது, வழிந்தது எரிந்தது, கறுப்பாகப் புகை எழும்பியது. எரிந்த பாலின் மணம் ஒரு வீட்டையே வெளியே துரத்தும். அவள் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு விரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், அடுப்பு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா முற்றத்திலிருந்து கத்திக்கொண்டு வந்தார்.

"எடியேய்! பால் எரிஞ்சு ஒழுங்கை முழுக்க மணக்குது! மூக்கை எங்கயடி கழட்டி வைச்சனீ?"

ஜெனிற்றா திரும்பிப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும்தான் விளங்கியது. அதில் ஒருத்தி வீட்டிலேயே இல்லை.

போனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"எனக்கு ஒண்டுமில்லை" என்றாள்.

"நான் ஒண்டும் கேக்கேல்லையே. அங்க மண்ணெண்ணெய்ப் போத்தல் இருக்கா?"

"விசர்க்கதை கதையாதை."

"எடுத்து மணந்து பாரடி."

ஜன்னலடியில் இருந்த போத்தலைத் திறந்தாள். மூக்கில் வைத்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். கொஞ்சத்தை உள்ளங்கையில் ஊற்றி, முகம் கழுவப்போகிறவள்போல முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"தண்ணி மாதிரிக் கிடக்குது மச்சாள்" என்றாள்.

எனக்கு என் பிள்ளை உதைத்தது.

"காய்ச்சல்?"

"முந்தநாள் கொஞ்சம் உடம்பு சுட்டது. மாமிக்குச் சொல்லேல்லை."

"மூச்சு?"

"பிள்ளை மேல ஏறிக்கிடக்குது. மூச்சு இப்பிடித்தான் வரும்." ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் நின்று நின்றுதான் சொன்னாள். அதுவரை அதையும் வயிற்றுப் பாரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"மிஸ்ஸுக்குச் சொல்லுவம்."

"வாய் திறக்கப்படாது! சொன்னா பஸ் வரும். மாமியையும் அவரையும் ஏத்துவாங்கள். ஒழுங்கையையே பூட்டுவாங்கள், ஒருத்தரும் தொழிலுக்குப் போகேலாது. சனம் எங்களை உசிரோட தின்னும். நான் செத்தாலும் எங்கட சேமக்காலையில அப்பாவுக்குப் பக்கத்தில அடக்கம் பண்ண விடமாட்டாங்கள், எங்கயோ கொண்டுபோயிடுவாங்கள். உன்ர வயித்துப் பிள்ளையில சத்தியம் பண்ணு, ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு."

"சத்தியமெல்லாம் பண்ணமாட்டன். நீ சாகவும் மாட்டாய்."

"சாகமாட்டனெண்டால் ஏன் சொல்லப்போறாய்?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

5

குசினியிலிருந்து படுக்கையறை, படுக்கையறையிலிருந்து குசினி. எங்கள் வீட்டில் நடப்பதற்கு வேறு இடம் கிடையாது. அம்மாவுக்குச் சொல்லலாமா? அம்மா குழறி ஊரைக் கூட்டுவார், பிறகு ஊரே சேர்ந்து அவளை ஒளிக்கும். ஊருக்கு ஒளிக்கத் தெரியும், பல வருடப் பழக்கம்.

ரெஜி கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொல்லாட்டியும் நித்திரை கொள்ளமாட்டாய், சொன்னாலும் கொள்ளமாட்டாய். எதைச் செய்யிறதெண்டாலும் கெதியாச் செய்" என்றார்.

அம்மா அவசரத்துக்கு என்று முன்பே தந்திருந்த இலக்கத்தில் மிட்வைஃப் மிஸ்ஸுக்கு அடித்தேன். அவர் என் முழுக் கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஸ்கூட்டி ஸ்ராட் ஆகிற சத்தம் கேட்டது.

"நான் வெளிக்கிட்டிட்டன் பிள்ளை. ஆனா ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ, இதைப் பி.எச்.ஐ ஐயாவுக்கு நான் சொல்லித்தான் ஆகவேணும். நீங்கள் பயப்பிடாதேங்கோ, ஆர் சொன்னதெண்டு வராது. சும்மா பாக்க வந்த இடத்தில கண்டனான் எண்டு சொல்லுறன்."

"இல்லை மிஸ், நான்தான் சொன்னதெண்டு சொல்லுங்கோ."

"ஏன் பிள்ளை வீணா வாங்கிக் கட்டுறீங்கள்?"

"எங்கட ஊரில முகத்தை மூடிக்கொண்டு தலையாட்டினவனை இன்னும் தேடிக்கொண்டிருக்கினம் மிஸ். என்ர பேரைச் சொல்லுங்கோ."

பெரிய வீரவசனம் பேசிவிட்டதாக அப்போது எனக்கு ஒரு நினைப்பு. சுவிஸில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்து பேசுவது சுலபம்.

பின்னேரத்துக்குள் எல்லாம் நடந்தது. அவளுக்கு அம்புலன்ஸ், அம்மாவுக்கும் அன்ரனுக்கும் பஸ். அம்மா பதற்றத்தில் என்னை வீடியோவில் எடுத்துவிட்டு, பிறகு போனைக் கையில் வைத்திருப்பதையே மறந்துவிட்டார். எனக்கு மணல் தெரிந்தது, காயவைத்த கருவாடு தெரிந்தது, தலைமுதல் கால்வரை மூடிய உடுப்போடு இரண்டு பேர் தெரிந்தார்கள். ஜெனிற்றா நடந்து வந்தாள். அம்மாவின் கையிலிருந்த போனைக் கண்டு நின்றாள். குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ர அப்பாவுக்கு ஆட்டினவனாவது சாக்குப் போட்டிருந்தவன்" என்றாள்.

இன்று காலைவரை அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசி வசனம்.

6

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் எல்லோருமே தனித்தனிப் பெட்டிக்குள். ஜெனிற்றா ஒட்சிசன் குழாயோடு ஆஸ்பத்திரியில். அம்மாவும் அன்ரனும் முகாமில், ஆளுக்கொரு கட்டிலில். ஒழுங்கை பூட்டு, வள்ளங்கள் கரையில். நான் இங்கே, என் வயிற்றுக்குள் என் பிள்ளை. நாய் கொண்டுபோகும் மனிதர் மட்டும் போனார், வந்தார்.

அவளுக்கு மூச்சு ஏறவில்லை. ஒப்பரேஷன் செய்து பிள்ளையை முந்தி எடுத்தார்கள். பொடியன் கண்ணாடிப் பெட்டிக்குள், தாய் வேறு வார்ட்டில். அவள் மகனை முதன்முதலில் கண்டதும் ஒரு தாதியின் போனில்தான். இன்னும் பிந்தியிருந்தால் என்று தொடங்கிய டொக்டர் அந்த வசனத்தை முடிக்கவில்லையாம். அம்மா சொன்னார். முடிக்காத அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடமும் நிற்கிறேன். செய்தது சரி என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் சரியாகச் செய்ததற்காக யாரும் திரும்ப வந்து கதைப்பதில்லை.

நான் ஊசிக்கு ஓடினேன். டொக்டரிடம் கேட்டால் தொலைபேசிச் சேவையைக் கேளுங்கள் என்றார், தொலைபேசிச் சேவையைக் கேட்டால் டொக்டரைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் உதைபட்ட பந்துபோல உருண்டு, கடைசியில் ஊசி போடும் ஒரு விளையாட்டு மண்டபத்தில் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே போய் இருந்தேன். வாசலில் இருந்தவள் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, "கர்ப்பமா?" என்று கேட்டாள். "இல்லை, பந்து எடுத்துக்கொண்டு வந்தேன்" என்று சொல்லும் அளவுக்கு ஜேர்மன் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஊசி ஏறும்போது விஞ்ஞானம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எரியும் பாலுக்கு முன்னால் விரல் சூப்பிக்கொண்டிருந்தவளின் முதுகுதான் வந்தது. ஊசி போட்ட பிறகு தள்ளித் தள்ளிப் போட்டிருந்த கதிரைகளில் ஒன்றில் இருத்தினார்கள். அங்கே இருந்து அழுதேன். வலிக்கிறதா என்று ஒருத்தர் வந்து கேட்டார். ஓம் என்றேன், அது இலகுவான பதில்.

என் மகள் லியா பிறந்தாள். சரக்குக் கறியை ரெஜி வைத்தார், யூரியூப் பார்த்து. அந்தக் கறியைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன், அவரும் இதை வாசிப்பார்.

ஊரில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. காட்டிக்கொடுத்தவள். அம்மா மறைத்துப் பார்த்தார், ஆனால் அம்மாவுக்கு மறைக்க வராது. ஜெனிற்றாவுக்கு மணம் முழுதாகத் திரும்பவில்லை என்பதும் அம்மா வாயிலிருந்து தவறி விழுந்த செய்திதான். சில நாள் ஒன்றும் மணக்காதாம், சில நாள் நல்ல சாமான்கூட ரப்பர் எரிவதுபோல மணக்குமாம். ஆனாலும் இப்போது அவள்தான் சொந்தமாகக் கருவாடு போட்டு வியாபாரம் செய்கிறாள். மணம் தெரியாதவள் எப்படிப் பதம் பார்க்கிறாள் என்று கேட்டேன். "பக்கத்தில நிக்கிற ஆக்களைக் கேட்டுக் கேட்டுத்தான்" என்றார் அம்மா.

7

இப்போது ரின்னுக்கு வருவோம்.

போன முறை ஊரிலிருந்து வந்த கருவாட்டை நான் பொரித்தபோது, லிஃப்றில் ஒரு நோட்டீஸ் ஏறியது. "அன்பான குடியிருப்பாளர்களே" என்று தொடங்கி, மிக மரியாதையாக, கட்டடத்தின் காற்று எல்லோருக்கும் பொதுவானது என்று எழுதியிருந்தார்கள். யார் என்று பெயர் இல்லை. எங்கள் தளம் மட்டும் குறிப்பிட்டிருந்தது. இங்கேயும் ஒருத்தர் சாக்குக்குள்ளிருந்து தலையாட்டியிருக்கிறார். அதனால்தான் ரின் உறைபனிக்குள் பல்கனியில் கிடந்தது.

இன்று உள்ளே எடுத்தேன். சன்னல்களைப் பூட்டினேன், குசினிக் கதவுக்கடியில் துவாயை அடைத்தேன். பொலித்தீனை வெட்டினேன், பிளாஸ்டரை உரித்தேன். மூடி திறந்த உடனேயே லியா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜேர்மனில் கத்தினாள். "நாறுது எண்டு தமிழில சொல்லடி" என்றேன். "நாறுது" என்றாள், இந்தச் சொல்லையாவது ஊர்க்காரி மாதிரி. சொல்லிவிட்டு அறைக்குள் ஓடினாள்.

ஒரு துண்டை எடுத்து மூக்கில் வைத்தேன். திருப்பி மற்றப் பக்கமும் வைத்தேன். நடுவில் பிளந்து பார்த்தேன்.

நல்லாயில்லை.

உப்புக் காணாது, போதவில்லை. உள்ளே சரியாகக் காயவில்லை. கருவாட்டு மணத்துக்கு அடியில் வேறொரு மணம் இருந்தது, பழுதாகத் தொடங்கின மணம். மூக்கு உள்ள யாருக்கும் தெரியும்.

துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூப்பர் மச்சாள், ஊர் மணக்குது என்று ஒரு வொயிஸ் போட்டால் போதும். நாலு வருடம் முடியும். அவள் சிரிப்பாள், நான் அழுவேன், டியோனும் லியாவும் திரையில் நாக்கை நீட்டிக்கொள்வார்கள். ஒரு பொய்தான். அதுவும் கருவாட்டுப் பொய்.

அழைத்தேன். உடனே எடுத்தாள். பின்னால் பிறந்தநாள் சத்தம், அன்ரனின் குரல், யாரோ பலூன் உடைக்கிறார்கள்.

"மச்சாள்" என்றேன்.

"ம்."

"திறந்திட்டன்."

அவள் சத்தத்தை விட்டு வெளியே நடந்து வந்தது கேட்டது. காற்று கேட்டது. "சொல்லு" என்றாள்.

"பழுதடி. உப்புக் காணாது. உள்ளுக்குக் காயேல்லை. இதை விக்காதை, ஆருக்கும் குடுக்கவும் வேண்டாம்."

எதிர்ப்பக்கம் மூச்சு மட்டும். அந்த மூச்சை நான் எண்ணிக்கொண்டு நின்றேன். இந்த முறை நிற்காமல், சீராக வந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள். "ரெண்டு கிழமையா எனக்கு ஐமிச்சம். அவரிட்டக் கேட்டா, அருமையா மணக்குது எண்டு சொல்லிச் சொல்லித் திண்டுபோட்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு திரியிறார். மாமியிட்டக் கேட்டா, மாதாவே எண்டு மேல பாக்கிறா. சனம் காசைக் குடுத்து வாங்கிக்கொண்டு போய்க் குப்பையில போடுதுகள், பாவம் அவளுக்கு மூக்கில்லை எண்டு. ஒருத்தரும் என்னட்டச் சொல்லீனமில்லை."

"பிறகேன் இவ்வளவு தூரம் எனக்கு அனுப்பினனீ?"

"உனக்குத்தானே வாயை மூடேலாது" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. அவள் பக்கம் என்ன வந்தது என்று தெரியவில்லை. "இனிக் கிழமைக்கு ஒரு துண்டு அனுப்பேலாது, கொண்டுவர ஆளிருக்காது. நீ இப்ப மணக்கிறதைச் சரியாச் சொல்லு, முதலிலயிருந்து. உப்புக் கணக்கை நான் பிடிக்கிறன்" என்றாள்.

சொல்லத் தொடங்கினேன். தோல் பக்கம் எப்படி, சதைப் பக்கம் எப்படி, முள்ளோரம் எப்படி. அவள் இடைக்கிடை "ம்" என்றாள். ஒரு இடத்தில், "எரிஞ்ச பால் மாதிரியோ?" என்று கேட்டாள். "இல்லை, அது வேறை" என்றேன்.

அப்போது எங்கள் அழைப்பு மணி அடித்தது. கருவாடு துவாயைத் தாண்டி, கதவைத் தாண்டி, பொதுக் காற்றுக்குப் போய்விட்டது. இரண்டாம் முறை அடித்தது. லியா அறைக்குள்ளிருந்து, "அம்மா, ஆள்!" என்று கத்தினாள்.

"ஆரடி அது?" என்றாள் ஜெனிற்றா.

"ஒருத்தருமில்லை" என்றேன். கதவை நான் திறக்கவில்லை. இன்னொரு துண்டை எடுத்து மூக்கில் வைத்தேன்.